புகையில்லாத கங்கு

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பார்க்க வந்தவர்கள் பாதிக் கதையைக் கேட்டுவிட்டு, மீதியை அவரவர் கைப்பக்குவத்தில் சமைத்து ஊருக்குப் பரிமாறிவிட்டார்கள். ஒரு தெருவில் எனக்குப் பேய் பிடித்திருந்தது. அடுத்த தெருவில் என் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மழைக்காலத்தில் பிள்ளை பெறப் போகிறவர்கள் படித்தால் நல்லது. அவர்களுடைய அம்மாக்கள் படித்தால் இன்னும் நல்லது.

நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பாலூட்டிகள் எப்படிச் சுவாசிக்கின்றன என்று வருடா வருடம் பாடம் எடுக்கிறவள். நுரையீரலுக்குள் திராட்சைக் குலை போல நுண்ணறைகள் இருக்கின்றன, அவற்றின் சுவர் அவ்வளவு மெல்லியது, இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ரத்தம், ஆக்ஸிஜன் உள்ளே போகும், கரியமில வாயு வெளியே வரும். படம் வரைந்து பாகம் குறித்தால் முழு மதிப்பெண். இதற்கு மேல் அதில் பயப்பட ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

முதல் பிரசவம். அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற வழியில் எங்கள் ஊர். அப்பாவை நாங்கள் நைனா என்போம், அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் போன வருடம்தான் கான்கிரீட் வீடு கட்டினார். திருத்தணியில் பிரசவமாகி, பையனோடு அந்தப் புது வீட்டின் உள்ளறைக்கு வந்து சேர்ந்தேன். வந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழை, மலையே கண்ணுக்குத் தெரியவில்லை.

பச்சை உடம்புக்காரிக்குக் காற்று படக்கூடாது என்பது என் அம்மாவின் சட்டம். காதில் பஞ்சு, தலையில் துண்டு, ஜன்னல் சந்தில் பழைய புடவைக் கிழிசல். அறைக்குள் கதகதப்பாக இருக்க ஒரு குமுட்டி அடுப்பு. இஸ்திரிக் கடையிலிருந்து வாங்கிய நல்ல கட்டைக்கரி. அம்மா அதை அப்படியே உள்ளே கொண்டுவந்து வைத்துவிடுகிற ஆள் இல்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் பற்றவைத்து, விசிறி விசிறி, கடைசிப் புகையும் அடங்கி, கரி முழுக்கச் சிவந்த கங்கான பிறகுதான் துணியைச் சுற்றிப் பிடித்துத் தூக்கி வருவாள்.

"புகை இருந்தா புள்ளைக்கு இருமல் வரும். பாரு, ஒரு துளி புகை இருக்குதா?" என்பாள்.

இருக்காது. அறை சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

குமுட்டி வைத்த அன்று மாலையே தலைவலி தொடங்கியது. நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி முறுக்குவது போல. மறுநாள் காலையில் வாந்தியும் வந்தது. ரத்தம் போன உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றாள் அம்மா. எனக்குச் சந்தேகமாக இருந்ததால் அடம்பிடித்து நைனாவை ஆட்டோ கொண்டுவரச் சொன்னேன். படுதா கட்டாத ஆட்டோ. மழைச்சாரலும் காற்றும் முகத்தில் அடிக்க, மடியில் பையனோடு திருத்தணி போய்ச் சேருவதற்குள் தலைவலி பாதியாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. எதற்கு வந்தோம் என்று சொல்லக்கூடத் தெரியவில்லை.

டாக்டர் என் விரலில் கிளிப்பை மாட்டினார். கொரோனா காலத்தில் எல்லா வீட்டுக்கும் பழகிப்போன அதே கிளிப். தொண்ணூற்றொன்பது காட்டியது. குழந்தைக்கும் அதே. ரத்தசோகை மாத்திரையும் தலைவலி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் இருந்த கருவி சொன்னதை அவர் நம்பினார், நானும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து அறைக்குள் படுத்த கொஞ்ச நேரத்தில் கயிறு மறுபடி முறுகியது.

"ஆட்டோ ஏறனா சரியாப் போவுது, ஊட்டுக்கு வந்தா தலைய நோவுது. இன்னாடி இது?" அம்மா கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "புருஷன் ஊரு நெனப்பு வந்துட்ச்சா?"

என் கணவர் மணவூரில் இருந்தார். தினமும் போனில் பேசினோம். அவரிடம் சொன்னபோது, "டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு இல்ல? மனசப் போட்டு ஒழப்பிக்காத," என்றார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அதைவிட மோசம், நானே நடிக்கிறேனோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. புத்தி மந்தமாக இருந்தது. போனில் எழுத்துகள் கலங்கின. இவ்வளவுக்கும் நடுவே ஒரே ஆறுதல், பையன் தொந்தரவே தரவில்லை. பாலுக்குக்கூட அழவில்லை.

"தங்கம். ஊர்ல யாரு புள்ள இப்டி இருக்குது?" என்று அம்மா அவன் காலைத் தடவிக் கொடுத்தாள். நானும் பெருமைப்பட்டேன்.

அடுத்த நாள் புயல் என்று சொன்னார்கள். கரண்ட் போய்விட்டது. கதவுக்குக் கீழே இருந்த இடுக்கையும் அம்மா கோணிப்பையை மடித்துச் செருகி அடைத்தாள். கங்கு தணியத் தணிய மாற்றிக்கொண்டு, அன்று அவளும் எங்களோடு உள்ளேயே படுத்தாள். நைனா மட்டும் வழக்கம்போல நிலத்து மோட்டார் கொட்டகையில் படுக்கப் போனார். அவர் விடிந்ததும் பால் சொம்போடு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். நான் கேட்டேன். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். கால்கள் என்னுடையவையாக இல்லை. அம்மா எழுந்து இரண்டடி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். நைனா தோளால் இடித்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

நான் பையனைத் தூக்கினேன். அவன் தலை பின்னால் தொங்கியது. மார்பில் வைத்தால் வாய் திறக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். பலமாகச் சுண்டினேன். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. மூச்சு மட்டும் வேகவேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"நைனா, வண்டி கூப்பிடு," என்றேன். கத்த முடியவில்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர் பையன் முகத்தில் சின்ன மாஸ்க்கை வைத்து ஆக்ஸிஜன் திறந்துவிட்டார். திருத்தணியில் நிற்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி நெடுகச் சாலையில் தண்ணீர். அம்மா எதிர் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். குளிர் ஏறிவிட்டது, ஜன்னி கண்டுவிட்டது, கரி இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்று நடுவில் புலம்பினாள். அப்போது அது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் அவனை வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கதவை மூடினார்கள். உள்ளே என்னையும் ஒரு ஸ்டூலில் உட்காரவிட்டார்கள். இளம் வயது டாக்டர், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. பையன் பாதத்தில் சிவப்பு வெளிச்சம் எரிகிற பட்டையைக் கட்டினார். திரையில் தொண்ணூற்றொன்பது. அவர் பட்டையைக் கழற்றி மறு காலில் கட்டினார். மறுபடி அதே எண். திரையைப் பார்ப்பதும் குழந்தையைப் பார்ப்பதுமாக நின்றார். குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். அவன் அதற்கும் அழவில்லை.

"ரத்தத்துல கிருமி இருக்கலாம்மா. மூளைக்காய்ச்சலாவும் இருக்கலாம்," என்றார். "முதுகுத்தண்டுல இருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பாக்கணும். சம்மதம் சொல்லணும் நீங்க."

"எழுந்திருச்சிருவானா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்மா," என்றார். ஆஸ்பத்திரியில் இந்த வார்த்தையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு ஆழமான கிணறு என்று. நான் சம்மதம் சொன்னேன். சொன்ன கையோடு எனக்கு மறுபடி குமட்டியது. வெளியே ஓடினேன். அங்கே வராந்தாவில் அம்மா ஏற்கெனவே ஒரு பக்கெட்டின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நைனா அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தார். கையெழுத்து வாங்க என் பின்னாலேயே வந்த டாக்டர் எங்கள் மூவரையும் பார்த்து நின்றுவிட்டார்.

"உங்களுக்கும் வாந்தியா? எப்ப இருந்து?"

"மூணு நாளா தலைவலி," என்றேன்.

"அம்மாவுக்கு?"

"ஆங், எனக்கும் மண்ட பொளக்குது," என்றாள் அம்மா. "இவகிட்ட சொல்லல. புள்ள பெத்தவ, பயந்துக்குவா."

டாக்டர் நைனாவிடம் திரும்பினார். "ஐயா, உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் கொட்டாயில படுத்துகினு இருந்தேன்."

டாக்டரின் குரல் மாறியது. அந்த அறையில் என்ன எரிகிறது, ஜெனரேட்டர் உண்டா, அடுப்பு உண்டா, புகை வருமா என்று அடுக்கினார். புகையே கிடையாது என்று நான் சொன்னேன். அது உண்மை. அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையோடு, விளக்கமாகச் சொன்னாள்.

"நாங்க புகையோட வெக்கிறவங்க இல்லீங்க. வெளியவே விசிறி, புகையெல்லாம் போயி, நல்லா கங்கு ஆனப்புறம்தான் உள்ள எத்துகினு வருவேன். குளுரு போவணும் இல்லீங்களா, ஜன்னல் கதவு எல்லாம் துணி வெச்சு அடச்சிட்டுதான்."

டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் உள்ளே திரும்பி, முதுகு ஊசி வேண்டாம், நிறுத்துங்கள் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே ஓடினார்.

என் மணிக்கட்டில் நாடி துடிக்கிற இடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். சாதாரண ஊசியைவிட வலிக்கும். ரத்தத்தில் எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துச் சொல்கிற பரிசோதனை அது. அம்மாவுக்கும் குழந்தைக்கும்கூட எடுத்தார்கள். மூன்று பேர் ரத்தத்திலும் கார்பன் மோனாக்சைடு இருந்தது. குழந்தையிடம்தான் அதிகம்.

டாக்டர் எனக்குச் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற பொருள் ஹீமோகுளோபின். அதை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜன் நுரையீரலில் ஏறும், உடம்பில் தேவைப்படும் இடத்தில் இறங்கும். கரி அரைகுறைக் காற்றில் எரியும்போது வருகிற இந்த வாயு அதே சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடும், லேசில் இறங்காது. பஸ் நிறைந்துதான் ஓடும், ஆனால் எந்த ஸ்டாப்பிலும் யாரும் இறங்க மாட்டார்கள். மூளை காத்துக்கொண்டே கிடக்கும். விரல் கிளிப்புக்குச் சீட் நிறைந்திருக்கிறதா என்றுதான் தெரியும், உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாது. அதனால்தான் தொண்ணூற்றொன்பது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, இருமல்கூட வராது. பிறந்த குழந்தையின் ரத்தம் அதை நம்மைவிட இறுக்கிப் பிடிக்கும், குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சும் இழுக்கும். வெளிக்காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது இறங்கும். சுத்தமான ஆக்ஸிஜனை நிறையக் கொடுத்தால் இடித்துத் தள்ளிச் சீக்கிரம் இறக்கிவிடும். மருந்து அவ்வளவுதான்.

பையன் தலைக்கு மேல் கண்ணாடி போன்ற ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதற்குள் ஆக்ஸிஜனை விட்டார்கள். எனக்கும் அம்மாவுக்கும் பை தொங்குகிற மாஸ்க். அம்மா அதைக் கழற்றிக் கழற்றி வைத்தாள்.

"எனக்கு இன்னாத்துக்கு? கொழந்தைக்கு உடுங்க. நான் செஞ்சதுக்கு எனக்கு எதுக்கு காத்து?"

"குழந்தைக்குத் தனியா போகுதும்மா, நீங்க போட்டுக்கங்க," என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். நைனாதான் கடைசியில் அவள் இரண்டு கையையும் மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திட்டவில்லை.  அவர் சட்டை முழுக்க மழையில் நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு காத்திருப்பு. ஆஸ்பத்திரி நாட்களில் நிஜமான நோய் இதுதான். பையன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. பாலில் விஷம் ஏறியிருக்குமா என்று கேட்டேன். அப்படி ஏறாது, தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுக்க அவன் வாயைத் திறக்க வேண்டுமே. பிழிந்து குழாய் வழியாகக் கொடுத்தார்கள். மாஸ்க் போட்ட சில மணி நேரத்தில் என் தலைவலி போய்விட்டது. அது எனக்கு நிம்மதியாக இல்லை. எனக்குத் தெளிந்துவிட்டது, அவனுக்கு ஏன் இன்னும் தெளியவில்லை?

என் கணவரும் மாமியாரும் மணவூரிலிருந்து வந்துவிட்டார்கள். அத்தை நல்லவர்தான். ஆனால் வந்த வேகத்தில், வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பெத்தவ கையே இப்டி பண்ணா, யார நம்பி அனுப்பறது? டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா நம்ப ஊட்டுக்கு இட்டுகினு வந்துடு. இனிமே அங்க வோணாம்."

 வாய் ஓயாமல் பேசுகிற என் அம்மா, தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை டீ வாங்கப் போன பிறகு என் பக்கத்தில் வந்து, மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, மெல்லக் கேட்டாள்.

"நீ பொறந்தப்பவும் கார்த்திகை மழைதான். இதே குமுட்டி. இதே மாதிரிதான் கங்கு வெச்சேன். நீ எப்டிடி பொழச்ச?"

நான் யோசித்தேன். "அது ஓட்டு வீடும்மா. ஓட்டு சந்துல எல்லாம் காத்து போய் வந்துகினு இருந்துச்சு. இது கான்கிரீட்டு. நீ ஒரு ஓட்டை விடாம அடச்சிட்ட."

அந்த ஓட்டு வீட்டில் மழை பெய்தால் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிப்போம். ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று நைனாவை அரித்துப் புது வீடு கட்டவைத்தவளே அம்மாதான். அவள் மாஸ்க்கை மறுபடி ஏற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். இருந்தது. அவள் முதுகைப் பார்க்கப் பார்க்கக் கோபமும் பாவமும் ஒன்றாகவே வந்தன.

மறுநாள் காலையில் நர்ஸ் அவன் கையில் ஊசி மாற்றினார். கால் முதலில் உதைத்தது. முகம் சுருங்கிக் கறுத்தது. அப்புறம் அழுதான். சின்னப் பூனை மாதிரி ஆரம்பித்து, அந்தக் கண்ணாடிப் பெட்டி அதிர்கிற மாதிரி. யாரும் ஷ்ஷ் சொல்லவில்லை. டாக்டர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். நான் கண்ணாடிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். வெளியே என் கணவரும் அழுதார், அதை மறைக்கக் கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது போலப் பாவனை செய்தார். அன்று மாலை அவன் மார்பில் வாய் வைத்து உறிஞ்சினான்.

டாக்டர் பொய்யான ஆறுதல் எதுவும் தரவில்லை. "இப்ப நல்லா இருக்கான். ஆனா இந்த வாயு சில பேருக்குக் கொஞ்ச நாள் கழிச்சும் வேலையக் காட்டும். தலை நிக்குதா, சிரிக்கிறானா, பொருளைப் பாக்கிறானா, எல்லாம் மாசா மாசம் வந்து காட்டணும்," என்றார். அந்தப் பயம் எங்களோடு வீட்டுக்கு வந்தது. இதை எழுதும்போதும் முழுக்கப் போகவில்லை. தலை நின்றுவிட்டது. சிரிக்கிறான். ஒவ்வொன்றையும் நான் டிக் அடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று வண்டி மணவூருக்குத் தயாராக நின்றது. நான் அம்மா வீட்டுக்கே போகிறேன் என்றேன். அத்தை முகம் சுண்டியது. என் கணவர் நைனா பக்கம் திரும்பினார்.

"ஜன்னலத் தெறந்து வெச்சிக்குவீங்க இல்ல?" என்றார்.

"கழட்டியே வெச்சிடறேன் மாப்ள," என்றார் நைனா. பேச்சுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து கண்ணாடியைக் கழற்றி, கொசுவலை மட்டும் அடித்துவிட்டார்.

ஆனால் அம்மா பையனைத் தொடவில்லை. பத்தியச் சோறு வடித்தாள். துணி துவைத்தாள். வெந்நீர் போட்டு வைத்துவிட்டு, குளிப்பாட்ட மட்டும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள். நான் பையனை நீட்டினால் கை ஈரம், கை எண்ணெய் என்று ஏதாவது சொல்லி நகர்ந்துவிடுவாள். நானும் தூங்கவில்லை. கண் மூடினால் அவன் மூச்சு நின்றுவிடும் என்று எனக்கு. அவள் அறை வாசலோடு நிற்பாள், நான் கட்டிலில் விழித்திருப்பேன். நாட்கள் இப்படியே போயின.

ஒருநாள் மத்தியானம் என்னையறியாமல் கண் அசந்துவிட்டது. விழித்தபோது பக்கத்தில் பையன் இல்லை. எழுந்து ஓடினேன். அம்மா கூடத்து ஜன்னலோரம் நின்றிருந்தாள். பையன் அவள் தோளில். மழை விட்ட காற்று நேரே வந்துகொண்டிருந்தது. அவள் ஆள்காட்டி விரலை அவன் மூக்குக்குக் கீழே வைத்தபடி அசையாமல் நின்றாள்.

"அழுதானா?" என்றேன்.

"இல்ல. நீ தூங்கிகினு இருந்த. பயமா இருந்துச்சு, எத்துகினேன்." விரலை எடுக்கவில்லை. "இங்க வாடி. உள்ள போறப்ப ஜில்லுனு போவுது. வெளிய வர்றது பாரு, சூடா வருது."

நானும் என் விரலை அங்கே வைத்தேன். சூடாகத்தான் வந்தது.

"எவ்ளோ சின்ன உடம்பு," என்றாள் அம்மா. "அவனுக்கு வேண்டிய சூட்ட அவனே வெச்சினு இருந்துக்கிறான். நான்தான் தெரியாம..." முடிக்கவில்லை. அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாததையும் சேர்த்து அழுதாள்.

பையன் அவள் தோளிலேயே தூங்கிப்போனான். அவள் என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் படுத்து, சாயங்காலம் வரை தூங்கினேன்.